வட வேல்ஸ் கோட்டைகளைப் படமெடுக்க: குழுவோடா, தனியாகவா, ஒருநாள் வழிகாட்டியோடா?

பிரிட்டனில் இருக்கும் வட வேல்ஸ் கோட்டைகளைப் படமெடுக்கப் போகிறோம், போட்டோகிராபி டூர் ஒன்றில் சேர்ந்துவிடலாமா, இல்லை நாமே போய்க்கொள்ளலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: விடியற்காலை இருட்டில் உங்களை அங்கே யார் கொண்டுபோய் விடுவார்கள்? காசு உட்பட மற்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் மூன்று விதமாகவும் போய்விட்டு வந்தேன். முதல் தடவை ஓர் அக்டோபரில் ஆறு நாள் குழுப் பயணம், ஒரே வேனில் பத்துப் பேர். இரண்டாவது தடவை ஜூனில், கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டிக்கொண்டு. மூன்றாவது டிசம்பரில், ரயிலில் போய் கான்வி ஊரில் அறை எடுத்துத் தங்கி, இரண்டு நாளுக்கு மட்டும் உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டு. மூன்றிலும் நல்ல படங்கள் வந்தன, மூன்றிலும் ஏதோ ஒன்று கைவிட்டும் போனது. எது எதனால் கிடைத்தது, எதனால் போனது என்பதைத்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் விளம்பரத் தாள்கள் எல்லாமே 'பழைய ஊர்கள், கோட்டைகள், நாட்டுப்புறம்' என்று மூன்றையும் ஒரே வரியில் போட்டுவிடுகின்றன. கேமராவோடு போகிறவருக்கு இந்த மூன்றும் மூன்று வேறு வேலைகள். ஒன்றுக்குப் பொருந்தும் ஏற்பாடு இன்னொன்றுக்கு இடைஞ்சலாக இருக்கும்.

முதலில் கோட்டைகள். 1282–83 போரில் வேல்ஸை வென்ற இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு, வென்ற நிலத்தைச் சுற்றி இரும்பு வளையம் போலக் கட்டியவை இவை. சவாய் நாட்டிலிருந்து வந்த மாஸ்டர் ஜேம்ஸ் ஆஃப் செயின்ட் ஜார்ஜ் என்ற தலைமைக் கொத்தனார்தான் பெரும்பாலான வேலைக்குப் பொறுப்பு. கான்வி, கர்நார்வன், ஹார்லெக் மூன்றும் 1283இல் தொடங்கியவை, பியூமாரிஸ் 1295இல் தொடங்கிக் கடைசிவரை முடியாமலே நின்றது. 1986இல் நான்கும் சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. இந்தச் சரித்திரம் உங்கள் படத்துக்கு எதற்கு என்றால், நான்கையும் வேண்டுமென்றே கடலோரமாகக் கட்டியிருக்கிறார்கள், தரைவழியை எதிரி அடைத்தாலும் கப்பலில் சோறும் ஆளும் வந்துசேர வேண்டுமே! ஹார்லெக்கில் மட்டும் கடல் பின்வாங்கி இன்று மணல்மேடுகளுக்கு அப்பால் தெரிகிறது. மற்ற மூன்றும் இன்றும் தண்ணீரை ஒட்டியே நிற்கின்றன, அதனால் அங்கே படத்தின் பாதியைத் தீர்மானிப்பது கடல் ஏற்றமும் வற்றமும்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கான்வியில் ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் ஏற்ற நேரத்தில் கண்ணாடி மாதிரி நிறைந்திருக்கும், வற்ற நேரத்தில் அதே இடம் பழுப்புச் சேறும் சாய்ந்து கிடக்கும் படகுகளும்தான். சேறும் அழகுதான், நான் மறுக்கவில்லை, ஆனால் எட்டுக் கொத்தளங்களும் தலைகீழாகத் தண்ணீரில் விழும் அந்தப் படத்துக்காக நீங்கள் இவ்வளவு தூரம் போயிருந்தால் அது ஆறுதல் தராது. அப்புறம் இன்னொன்று, இதை எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அங்கே கடல் நிறைவது நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி. அதாவது வெளிச்சம் மோசமாக இருக்கும் நேரத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும், வெளிச்சம் அருமையாக இருக்கும் நேரத்தில் சேறாக இருக்கும். அரைநிலவை ஒட்டிய நாள்களில்தான் காலையிலும் மாலையிலும் ஏற்றம் வரும். அந்த ஏற்றம் பௌர்ணமி ஏற்றம் அளவு உயராது, ஆனாலும் படகுகள் மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கும், நமக்கு அது போதும். ஒவ்வொரு நாளும் ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், எந்த வாரம் போவது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

குழுப் பயணத்தை விலைபேசும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். தேதிகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏற்ற வற்ற நேரப் பட்டியலைப் பார்த்து வைத்தோம் என்று சொல்லும் நடத்துநர் அந்த மண்ணைத் தெரிந்தவர். ஹோட்டல் கிடைத்த வாரம் என்று தேதி போட்டவரிடம் உங்களுக்குக் கிடைப்பது வண்டியும் அறையும் மட்டுமே.

சரி, வெளிச்சத்துக்கு வருகிறேன். வட வேல்ஸ் 53 பாகை வடக்கில் இருக்கிறது. ஜூனில் சூரியன் காலை ஐந்து மணிக்குச் சற்று முன்பே எழுந்து இரவு ஒன்பதே முக்கால் வரை இருக்கும். டிசம்பரில் எட்டரை மணிக்குச் சற்று முன் எழுந்து நான்கு மணிக்குள் போய்விடும். கோடைதானே பகல் நீளம், அப்போதே போகலாம் என்று தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கோட்டைகளைப் பராமரிக்கும் கடூ என்ற வேல்ஸ் அரசு அமைப்பு கோடையிலும் காலை ஒன்பதரை, பத்து மணிக்கு மேல்தான் கதவைத் திறக்கும், மாலை ஆறு மணிக்குள் மூடிவிடும். ஜூனில் அந்த நேரத்தில் சூரியன் உச்சியில், சுமார் 60 பாகை உயரத்தில் நிற்கும், முற்றங்களில் நிழலே இருக்காது, கல் வெளுத்துத் தெரியும். நல்ல வெளிச்சம் இருக்கும் நேரம் முழுக்கக் கோட்டை பூட்டிக் கிடக்கும்.

டிசம்பரில் நிலைமை தலைகீழ். நண்பகலிலும் சூரியன் சுமார் 13 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். கோட்டை நான்கு மணிக்கே மூடினாலும் அது திறந்திருக்கும் நேரம் முழுக்கச் சாய்ந்த வெயில்தான், அம்பெய்யச் சுவரில் விட்ட அம்புக்கண் வழியாக உள்ளே விழும் ஒளிக்கோடு, கூரையில்லாத பெருங்கூடத்தின் சுவரில் ஒவ்வொரு கல்லின் விளிம்பும் தனித்தனியாக எழுந்து நிற்பது, எல்லாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு சட்டப்படி உள்ளே நின்று எடுக்கலாம். கோட்டையின் உட்புறம் உங்களுக்கு முக்கியம் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். மழை வரும், காற்று அடிக்கும், போங்கள். (கடூவின் எக்ஸ்ப்ளோரர் பாஸ் 3 நாள், 7 நாள் என்று இரண்டு வகையில் உண்டு, நான்கு கோட்டைக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுக்கும் முன் அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், கடூ இடங்களில் முன் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.)

இனி அந்த அக்டோபர் குழு. நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே பெரியது. ஓக்வென் ஏரிக்கரையில் விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நின்றோம், மழை தூறிக்கொண்டிருந்தது, எதிரே 917 மீட்டர் உயர ட்ரிவன் மலை மேகத்துக்குள் முழுதாக மறைந்திருந்தது. தனியாகப் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் திரும்பியிருப்பேன். அந்த வழிகாட்டி காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு, இன்னும் நாற்பது நிமிடம் பொறுங்கள் என்றார். பொறுத்தோம். கிழக்கே மேகத்தில் ஒரு கிழிசல் விட்டு அந்த மலையின் முகத்தில் மட்டும் செம்பு நிற வெளிச்சம் விழுந்து, மூன்று நிமிடம் இருந்து, போய்விட்டது. அந்தப் படம் இன்றும் என் சுவரில் இருக்கிறது. நான் கட்டிய பணத்தில் பாதி அந்த 'பொறுங்கள்' என்ற சொல்லுக்கே சரியாகப் போய்விட்டது என்று இப்போதும் நினைக்கிறேன்.

இரண்டாவது நன்மை, மாலையில் எல்லோரும் உட்கார்ந்து அன்றைய படங்களைப் பார்ப்பது. அதே கர்நார்வன் கோட்டை, அதே அரை மணி நேரம், பத்துப் பேர். நான் வைட் லென்ஸ் போட்டு முழுக் கோட்டையையும் அடக்கப் பார்த்திருந்தேன். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, ஓய்வுபெற்ற ஆசிரியை, சுவரில் அடுக்கடுக்காக ஓடும் வெளிர் நிற, கருநிறக் கல் பட்டைகளையும் ஒரு பல கோணக் கொத்தளத்தின் விளிம்பையும் மட்டும் எடுத்திருந்தார். அந்தப் பட்டைக் கற்களும் பல கோணக் கொத்தளங்களும் கான்ஸ்டான்டிநோபிள் நகர மதிலை நினைவூட்டுவதற்காக வைத்தவை என்று வரலாற்றாளர்கள் சொல்வது வழக்கம், மற்ற மூன்று கோட்டையிலும் அந்தப் பகட்டைப் பார்க்க முடியாது. என் படத்தில் கோட்டை முழுக்க இருந்தது, ஆனால் அந்த ஒரு விஷயம் இல்லை. இதைப் புத்தகம் சொல்லித்தராது, யூடியூபும் சொல்லித்தராது.

இப்போது மறுபக்கம். திட்டத்தில் புதன்கிழமை ஹார்லெக் என்று போட்டிருந்தது. ஹோட்டல் முன்பதிவு அப்படி, ஆகவே புதன்கிழமை ஹார்லெக். அன்றைக்கு மலையைச் சுற்றி ஒரே மழை, கோட்டைக்குப் பின்னால் தெரிய வேண்டிய, வேல்ஸின் மிக உயர்ந்த ஸ்னோடன் மலைத்தொடர் இருந்த இடமே தெரியவில்லை. அதே நேரம் வடக்குக் கரையில் லான்டிட்னோ பக்கம் வெயிலாம், அங்கிருந்த நண்பர் படம் அனுப்பினார். இது தற்செயல் இல்லை. ஸ்னோடனைச் சுற்றியுள்ள எரரி (ஸ்னோடோனியா) மலைப்பகுதி பிரிட்டனிலேயே அதிக மழை கொட்டும் இடங்களில் ஒன்று. ஈரக்காற்று தென்மேற்கிலிருந்து வந்து மலையில் மோதிக் கொட்டிவிடுவதால், மறுபுறம் இருக்கும் வடக்குக் கரை பலநாள் காய்ந்தே இருக்கும். மலையில் மழை என்றால் கரைக்கு ஓடு, கரையில் மூட்டம் என்றால் ஆங்கில்சி தீவுக்குப் போ என்று காலையில் முடிவெடுக்கிற சுதந்திரம் இருந்தால் ஒரு வாரத்தில் இரண்டு நாளாவது மிச்சமாகும். ஒவ்வோர் இரவும் வேறு ஹோட்டல் என்று இருக்கும் குழுவுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. ஒரே இடத்தில் தங்கி அங்கிருந்து போய்வரும் குழுவுக்கு உண்டு. விளம்பரத்தில் ஹோட்டல் பெயர்கள் அதிகமாக இருந்தால் எனக்கு இப்போதெல்லாம் தயக்கம் வந்துவிடுகிறது.

ஊர்களில் குழு இன்னும் மோசம். கான்வி மதிலூர். கோட்டையிலிருந்து கிளம்பி ஊரைச் சுற்றிவரும் மதில் சுமார் 1.3 கிலோமீட்டர், 21 கொத்தளம், மூன்று பெருவாசல், பெரும்பகுதியில் மேலே ஏறி இலவசமாகவே நடக்கலாம். மதிலின் உச்சிமூலையில் நின்றால் கூரைகளும் புகைபோக்கிகளும் அவற்றுக்குப் பின்னால் கோட்டையும் அதற்கும் பின்னால் கழிமுகமும் ஒரே சட்டத்தில் வரும். அது இரண்டு பேர் நிற்கும் இடம். பத்து ட்ரைபாட் அங்கே என்ன செய்யும்? தெருவில் நடப்பவர்களையும், கடைக்கதவைத் திறக்கும் ஆளையும், மழைக்குப் பின் கல்தரையில் மினுங்கும் விளக்கையும் எடுக்க ஒருவர் தனியாக, மெதுவாக, ஒரே தெருவில் மூன்று முறை போய்வர வேண்டும். பத்துப் பேர் கேமராவோடு நுழைந்தால் தெருவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாங்கள் கான்விக்கு ஒதுக்கிய நேரம் ஒன்றரை மணி. அதிலும் படகுத்துறையில் இருக்கும், பிரிட்டனிலேயே மிகச் சிறியது என்று சொல்லப்படும் சின்னஞ்சிறு சிவப்பு வீட்டின் முன்னால் வரிசையில் நின்றதே அரை மணி.

ஜூன் பயணம், சொந்தமாகக் காரோட்டியது, இதற்கு நேர்மாறு. சுதந்திரம் முழுக்க என் கையில். இடதுபக்க ஓட்டம் என்பதால் நம்மவர்களுக்குப் பழகியதுதான், இந்திய உரிமத்தை வைத்துக்கொண்டு 12 மாதம் வரை அங்கே ஓட்டலாம். குடியிருப்புச் சாலைகளில் 2023 செப்டம்பரிலிருந்து மணிக்கு 20 மைல்தான் பொதுவான வரம்பு, அதை மறந்தால் அபராதம். தெருவில் பெரிதாக 'அராவ்' என்று எழுதியிருந்தால் வேல்ஸ் மொழியில் மெதுவாகப் போ என்று அர்த்தம். கல்சுவர் இரண்டு பக்கமும் உரசும் ஒற்றைவழிச் சந்துகளில் எதிரே டிராக்டர் வந்தால் பின்னோக்கி ஓட்டத் தெரிய வேண்டும், அவ்வளவுதான், மற்றபடி பயப்பட ஒன்றும் இல்லை.

பயப்பட வேண்டியது தூக்கத்துக்கு. அஸ்தமனப் படம் முடித்து அறைக்கு வந்து சேர இரவு பதினொன்று, விடியலுக்கு மூன்றரை மணிக்கே எழ வேண்டும். இரண்டு நாள் சமாளித்தேன். மூன்றாம் நாள் காலை மலையடிவார ஊரான லான்பெரிஸிலிருந்து திரும்பும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் சொருகியது, நல்லவேளை பாதையோரம் நிறுத்த இடம் இருந்தது. அதற்கப்புறம் அந்தப் பயணத்தில் நான் விடியலுக்கு எழவே இல்லை. ஓட்டுவதும் படமெடுப்பதும் ஒரே ஆள் என்றால் கோடையில் தயவுசெய்து இரண்டில் ஒன்றை, விடியல் அல்லது அந்தி, முன்கூட்டியே விட்டுவிடுங்கள். வேனில் பின்சீட்டில் தூங்கிக்கொண்டு போவது சொகுசு இல்லை, அது பாதுகாப்பு, குழுப் பயணத்துக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பெரிய பங்கு அதற்குத்தான்.

தனியாகப் போனதில் இன்னொரு நஷ்டம், எல்லோரும் எடுத்த படத்தையே எடுத்துவிட்டு வருவது. இணையத்தில் தேடினால் வரும் பத்து இடங்களுக்கு நேராகப் போனேன். லான்பெரிஸில் பாடார்ன் ஏரிக்குள் நிற்கும் அந்தத் தனிமரத்துக்கு முன்னால் காலை ஐந்து மணிக்கு எனக்கு முன்பே நான்கு பேர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பெரிஸ் ஏரியை ஒட்டி, டோல்படார்ன் கோட்டையின் வட்டக் கோபுரம் யாருமில்லாமல் நின்றது, நான் அதைக் கடந்து போய்விட்டேன். இது எட்வர்டு கட்டியதல்ல, அவருக்கு முந்திய வேல்ஸ் இளவரசர்கள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைக்கணவாயைக் காக்கக் கட்டியது. கடலோரக் கோட்டைகளோடு ஒப்பிட்டால் சின்னது. ஆனால் 1800இல் ஓவியர் டர்னர் காட்சிக்கு வைத்த படத்தில் இந்தச் சின்னக் கோபுரம்தான் மலைகளுக்கு நடுவே தனியாக நிற்கிறது. எதிர்க்கரையில் 1969இல் மூடிய டினோர்விக் சிலேட்டுக் குவாரி படிப்படியாக மலையையே வெட்டி இறக்கியிருக்கிறது, அந்தச் சிலேட்டு நிலப்பரப்பும் 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோபுரம், ஏரி, குவாரி மூன்றும் ஒரே இடத்தில், நுழைவுக் கட்டணமும் இல்லை. இதை எனக்குக் காட்டியது டிசம்பரில் வந்த அந்த வழிகாட்டி.

அந்த மூன்றாவது ஏற்பாட்டைப் பற்றி. லண்டன் யூஸ்டனிலிருந்து ரயிலில் லான்டிட்னோ ஜங்ஷன் வரை போய், அங்கிருந்து ஒரே நிறுத்தம் கான்வி, ஆனால் கைகாட்டிக் கேட்டால் மட்டும் வண்டி நிற்கும் நிலையம் அது, நடத்துநரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். மதிலுக்குள்ளேயே அறை எடுத்தேன். அதன் பலன் அங்கே தங்கினால்தான் புரியும். காலை ஏழேமுக்காலுக்கு அறையை விட்டு இறங்கி, 1826இல் பொறியாளர் டெல்ஃபோர்டு கட்டிய தொங்குபாலத்தை ஒட்டிய சாலைப்பாலத்தில் நடந்து அக்கரைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், கிழக்கிலிருந்து வரும் முதல் வெயில் நேராகக் கோட்டை முகத்தில். மாலையில் அதே இடத்தில் நின்றால் கோட்டைக்குப் பின்னால் வானம் சிவந்து கொத்தளங்கள் கருநிழலாக நிற்கும். காரும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம், ஓத அட்டவணையும் நல்ல செருப்பும் போதும். ஐந்து நாளில் அந்தப் பாலத்தை ஒன்பது தடவை கடந்தேன், எனக்குப் பிடித்த படம் கிடைத்தது ஏழாவது தடவையில்.

கர்நார்வனுக்கு இப்போது வழக்கமான ரயில் இல்லை, பாங்கரிலிருந்து பஸ். கோட்டையின் தெற்கு முகம் சையான்ட் ஆற்றைப் பார்த்திருக்கிறது, நடைபாலத்தைக் கடந்து அக்கரையில் நின்றால் குளிர்கால வெயில் நாள் முழுக்க அந்தச் சுவரில் விழுந்துகொண்டே இருக்கும், மாலையில் மேற்கு மூலையில் இருக்கும் கழுகுக் கோபுரம் தனியாகப் பளிச்சிடும். முட்டி வலி உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, 2023இல் அங்கே கிங்ஸ் கேட் வாசலில் லிப்ட் வைத்து மேல்தளம் வரை போக வழி செய்திருக்கிறார்கள். ஆங்கில்சி தீவில் இருக்கும் பியூமாரிஸ் சமதரையில் நிற்கும் கோட்டை, உயரமில்லை, அகழியில் விழும் பிம்பம்தான் அங்கே படம், காற்று அடித்தால் ஒன்றும் இல்லை. ஹார்லெக்குக்கு கேம்ப்ரியன் கடற்கரை ரயில் பாறையின் காலடியிலேயே கொண்டுவிடும், ஆனால் கான்வியிலிருந்து அங்கே போய்ச் சேரவே பாதி நாள் ஆகிவிடும், ஊர் மேட்டில் நின்று வடக்கே பார்த்தால் கோட்டையும் பின்னால் மலையும் இடப்பக்கமிருந்து வரும் மாலை வெயிலும் சேரும், அதற்காக அங்கே ஓர் இரவு தங்கலாம், தங்க வேண்டும்.

மலைப்பக்கம் போக பஸ் உண்டு, ஷெர்பா என்ற பெயரில் ஸ்னோடனைச் சுற்றி ஓடுகிறது. ஆனால் பஸ்காரர் விடியலுக்காக வரமாட்டார், அந்திக்காகக் காத்திருக்கவும் மாட்டார். இங்கேதான் ஒருநாள் வழிகாட்டி கைகொடுக்கிறார். நான் இரண்டு நாள் அமர்த்தியவர் விடியலுக்கு முன் அறை வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு, வானத்தைப் பார்த்து அன்றைய இடத்தை அங்கேயே முடிவுசெய்தார். முதல் நாள் ஓக்வென் போவதாக இருந்தது, மேகம் மிகவும் தாழ்ந்திருந்ததால் லெட்ர் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பி டோல்விதெலான் கோட்டைக்குக் கூட்டிப்போனார், மேட்டுமேல் ஒற்றைச் சதுரக் கோபுரம், கீழே ஆட்டு மந்தை, மேகம் கோபுரத்தின் இடுப்பில் உரசிக்கொண்டு போனது. பத்துப் பேர் வேனில் இந்தத் திருப்பம் நடக்காது. என் படங்களைப் பார்த்துவிட்டு, நீங்கள் எப்போதும் நடுவில் நின்றே எடுக்கிறீர்கள், இரண்டு அடி இறங்கி நில்லுங்கள் என்று எனக்கென்று சொன்னதும் தனி ஆளுக்கு மட்டும் கிடைக்கும் பாடம்.

குறையும் உண்டு. நாள் கணக்கில் பார்த்தால் மூன்றிலும் விலை கூடியது இதுதான், முழுச் செலவையும் நீங்கள் ஒருவரே ஏற்கிறீர்கள். இரண்டு பேராகப் போனால் பாதியாகும். மற்றவர் படத்தைப் பார்த்துக் கற்பது கிடையாது. அப்புறம் ஒரு சட்ட விஷயம்: காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றிச் செல்ல அங்கே அதற்கென்று தனிக் காப்பீடு வேண்டும், அது இல்லாத வழிகாட்டிகள் உங்களை நேராக இடத்துக்கே வரச்சொல்வார்கள். கார் இல்லாதவர்கள் பணம் அனுப்பும் முன் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

குழுப் பயணத்தின் காசைக் கணக்கிடும்போது விளம்பர விலையை மட்டும் பார்க்காதீர்கள். தனி அறை வேண்டும் என்றால் கூடுதல், கோட்டை நுழைவு, இரவு உணவு, விமான நிலையத்திலிருந்து வந்து சேர்வது பலவற்றில் சேர்ந்திருக்காது. இன்னொன்றை விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஆள்கள் பெரிய தொகையை இழக்கிறார்கள். பிரிட்டனின் 2018 பேக்கேஜ் பயண விதிகளின்படி, குறைந்தபட்ச ஆள் சேராவிட்டால் நடத்துநர் பயணத்தை ரத்துசெய்யலாம், ஆறு நாளுக்கு மேற்பட்ட பயணம் என்றால் புறப்பாட்டுக்கு 20 நாள் முன்பு வரையும், இரண்டு முதல் ஆறு நாள் பயணம் என்றால் 7 நாள் முன்பு வரையும். கட்டிய பணம் திரும்ப வரும், ஆனால் நீங்கள் தனியாக வாங்கிய விமான டிக்கெட்டுக்கு அவர் பொறுப்பில்லை. ஆகவே 'இந்தப் பயணம் உறுதியாகிவிட்டதா' என்று எழுத்தில் பதில் வாங்காமல் திரும்பப்பெற முடியாத டிக்கெட் எடுக்காதீர்கள். நிறுவனம் நொடித்துப்போனால் பணத்துக்கு என்ன பாதுகாப்பு வைத்திருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள், அதே விதிகள் அந்தப் பாதுகாப்பைக் கட்டாயமாக்குகின்றன, நேர்மையான நடத்துநர் உடனே ஆவணத்தைக் காட்டுவார்.

எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு ஆறு பேர் என்றால் பாடம் நடக்கும், பத்துக்கு மேல் போனால் மேய்ப்பதுதான் நடக்கும். வழிகாட்டி அங்கே தன் சொந்தப் படங்களை எடுப்பாரா என்றும் கேட்டுவிடுங்கள். எங்கள் குழுவில் வந்த உதவியாளர் நல்ல வெளிச்சம் வந்ததும் எங்களுக்கு முன்னால் போய்த் தன் ட்ரைபாடை நட்டுக்கொண்டார், அந்த நேரத்தில்தான் ஃபில்டர் மாட்டத் தெரியாமல் ஒருவர் திணறிக்கொண்டிருந்தார். சாதாரண சுற்றுலா பஸ்ஸில் போய்ப் படமெடுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். நண்பகலில் நாற்பத்தைந்து நிமிடம் நிறுத்துவார்கள், கேமரா உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

யாருக்கு எது? கேமராவைக் கைமுறையில் ஓட்ட இன்னும் பழகாதவர், இருட்டில் புது ஊரில் தனியாக நிற்கத் தயங்குபவர், மலையும் ஏரியும்தான் முதல் ஆசை என்பவர் குழுவில் சேருங்கள், ஆறேழு பேர் குழுவாக, ஒரே ஹோட்டலில் தங்குவதாகப் பார்த்து. இரண்டு ஓட்டுநர் உள்ள ஜோடி அல்லது நண்பர்கள் காரெடுத்துக்கொண்டு அக்டோபரில் போங்கள், விடியல் ஏழே முக்காலுக்கு மேல், அந்தி ஆறேகாலுக்கு, தூக்கமும் கெடாது. ஊரும் கோட்டையும்தான் உங்கள் மனதில் என்றால், என் நண்பர்களுக்கு நான் திட்டம் போட்டுத் தருவது இந்த மூன்றாவது வழியைத்தான்: கான்வி மதிலுக்குள் ஐந்து இரவு, முதல் இரண்டு நாளில் ஒரு நாளும் நான்காம் நாளும் வழிகாட்டியோடு மலைக்கு, மற்ற நாளெல்லாம் கால்நடையாகத் தனியே. வழிகாட்டியை முதலிலேயே ஒரு நாள் வைத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு, அவர் காட்டும் பார்வையோடு மீதி நாள்களில் ஊரைச் சுற்றினால் நம் கண்ணே மாறியிருக்கும். கடைசி நாளில் வைத்துக்கொண்டால் கற்றதை வீட்டுக்குத்தான் கொண்டுபோக முடியும்.

அந்த ஐந்து இரவுக்குத் தேதி குறிக்கும்போது காலண்டரில் அரைநிலவு எந்த நாளில் என்று பாருங்கள். அதற்கு முந்திய நாள் போய் இறங்கினால், தங்கியிருக்கும் நாள்களில் ஒன்றிரண்டு காலையாவது தண்ணீரும் வெயிலும் ஒரே நேரத்தில் கோட்டைக்கு வந்து சேரும். டிசம்பரில் அந்த நேரத்தில் பாலத்தில் காற்று முகத்தை அறுக்கும், விரல் நுனி திறந்த கையுறை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.